எஞ்சின் இறுகியது அறியாமையால் அல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த மீன்பிடி எஞ்சின் பராமரிப்புக் கட்டுரையை எங்கள் வாடியில் நாலு பேர் கேட்கச் சத்தமாக வாசித்தேன். தரச்சான்று பெற்ற ஒயிலை எரிபொருளோடு கலந்தால் எஞ்சின் இறுகாது, இறுகினால் அது தொழிலாளரின் அறியாமை என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மகன் எழும்பிப் போய்விட்டான். போன ஆவணியில் எஞ்சின் இறுகி, விடியும்வரை கடலில் மிதந்தவன் அவன்.

அன்று நாங்கள் பாவித்தது ‘டிசி-டபிள்யூ3’ என்று, தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் படகு எஞ்சின் ஒயிலுக்கான தரச்சான்றின் பெயரை, பெரிதாக எழுதிய போத்தல். லீட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. அளவுக் குவளை இல்லாமல் நான் ஒருநாளும் கலந்ததில்லை. மெக்கானிக் கழற்றியபோது கூடவே நின்றேன். பிஸ்டனின் மேல் ரிங் கறுத்த பிசினோடு காடிக்குள் ஒட்டிக் கிடந்தது. கத்தி முனையால் நெம்பியும் அசையவில்லை. மிச்ச ஒயிலில் ஒரு சொட்டும், பக்கத்து வாடியில் அப்போதுதான் முத்திரை உடைத்த போத்தலில் ஒரு சொட்டும் சாய்த்த கண்ணாடியில் விட்டோம். இரண்டும் நல்ல நீலம். எங்களுடையது கீழே போய்ச் சேர்ந்தபோது மற்றது பாதி வழிகூட வரவில்லை; அவ்வளவு தண்ணியாக இருந்தது எங்கள் ஒயில்.

அந்தச் சான்றை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் கடற்கல உற்பத்தியாளர் சங்கம் கொடுப்பது அது. ரிங் ஒட்டுகிறதா, கரி படிகிறதா, துருப் பிடிக்கிறதா என்றெல்லாம் எஞ்சினில் ஓட்டிப் பார்த்துத்தான் பதிவு இலக்கம் கொடுக்கிறார்கள். தண்ணீரால் குளிரும் எங்கள் எஞ்சினுக்குச் சாம்பல் விடாத ஒயில் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஒயில் அதற்கு ஆகாது. இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் சோதித்தது ஒரு கலவையை. எங்கள் ஊர்க் கடையில் பரலில் இருந்து போத்தலுக்கு மாறியதை யார் சோதித்தது? விலை பார்க்க வருகிற அதிகாரிகள் ஒயிலில் மாதிரி எடுத்ததை நான் ஒருநாளும் காணவில்லை. அப்புறம், அந்தச் சோதனை நடப்பது பெற்றோல் எஞ்சினில். நாங்கள் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுகிறவர்கள். மண்ணெண்ணெய்க்குக் கரி கூட. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அறியாமை என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல ஐயா. இழுவைப்படகு வலையை அறுத்தபோது விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் என்றார்கள். 2022 ஆவணியில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனபோது, சேமிக்கத் தெரியாதவர்கள் என்றார்கள். 1990 இல் போரால் யாழ்ப்பாணத்து மயிலிட்டியை விட்டுப் போனோம்; துறைமுகத்தைத் திரும்பப் பார்த்தது 2017 இல். இடையில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். எண்ணெயை விரலில் தேய்த்து மணந்து பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்தது. மகனை அனுப்பிய அன்று அதைச் செய்யவில்லை. போத்தலில் இருந்த எழுத்தை நம்பினேன்.

எஞ்சின் திருத்திய செலவை உங்களிடம் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். ‘இந்தத் தரத்துக்கு ஏற்றது’ என்று தாங்களே அச்சடிப்பது வேறு, பதிவு இலக்கத்தோடு வருவது வேறு. இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்து, இலக்கம் எங்கே இருக்கும் என்று படத்தோடு காட்டினால் உதவியாக இருக்கும். வெட்டி எடுத்து வாடியில் ஒட்டி வைப்பேன்.

இவ்வண்ணம்,
கடற்றொழிலாளி ஒருவர்,
மயிலிட்டி.