கரு கலைந்த பெண்ணுக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் வருகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாயைப் பத்து நாட்கள் கழிவதற்குள் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து பார்க்கிறார். பிள்ளையின் தொப்புள் காய்ந்துவிட்டதா, பால் குடிக்கிறதா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் கொப்பியில் எழுதுகிறார். வன்னியின் உட்கிராமங்களுக்குக் குன்றும் குழியுமான வீதிகளில் வந்து இப்பணியைச் செய்பவர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து வெறும் கையோடு திரும்புகிற பெண்ணுக்கு, எங்கள் பகுதியில் நான் கண்டவரை, அத்தகைய வருகை கிடைப்பதில்லை.

எனக்கும் பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. வைத்தியசாலையில் துண்டு வெட்டி அனுப்பும்போது அதில் ஆங்கிலச் சுருக்கச் சொற்கள் இரண்டு மூன்றும் ஒரு மாத்திரையின் பெயரும் இருந்தன. அடுத்த பிள்ளைக்கு எப்போது முயலலாம் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த இடைவெளியை ஊர் நிரப்பியது. மாமி ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார், அயலில் ஒருவர் ஆறு மாதம் என்றார், இன்னொருவர் சாத்திரம் பார்க்கச் சொன்னார். பப்பாசிப்பழம் சாப்பிட்டதும், மோட்டார் சைக்கிளில் போனதும், கச்சான் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்கியதும் ஒவ்வொன்றாகக் குற்றமாயின. 2009 இறுதிப் போரில், பெற்று வளர்த்த பிள்ளைகளையே பறிகொடுத்த தாய்மார் வாழும் ஊர்களில், கரு கலைந்ததற்காக அழுவதற்குக்கூட ஒரு பெண் கூச்சப்படுகிறாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் கருவின் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) தற்செயலாக ஏற்படும் கோளாறே காரணம். அதைத் தாயின் வேலையோ சாப்பாடோ உண்டாக்குவதில்லை. ஒருமுறை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அடுத்த முறை நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். ஆறு மாதக் கணக்கும் வெறும் ஊர்ப்பேச்சு அல்ல: உலக சுகாதார நிறுவனம் 2005 இல் கூட்டிய நிபுணர் ஆலோசனையில் அப்படித்தான் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் 2010 இல் வெளியான, ஸ்கொட்லாந்தில் 30,000 இற்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்களுக்கு மீண்டும் கலையும் வாய்ப்புக் குறைவாகவே இருந்ததைக் காட்டியது. சிக்கலின்றி இரத்தப்போக்கு நின்று, உடலும் மனமும் தேறிய பெண்ணை, அதுவும் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவரை, காரணமின்றிக் காத்திருக்கச் சொல்வது அவருடைய வாய்ப்பையே குறைக்கக்கூடும். மறுபக்கத்தில், அடுத்த மாதவிடாய் வருவதற்கு முன்னரே, கலைந்து இரண்டு கிழமையிலேயே, முட்டை வெளிப்படக்கூடும் என்பதால், உடனடியாகப் பிள்ளை வேண்டாம் என்றிருப்பவருக்கும் அன்றைக்கே ஆலோசனை தேவைப்படுகிறது.

எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதனால்தான் இதை அயலவர் வாய்க்கு விட முடியாது என்கிறேன். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (நஞ்சுக்கொடித் திசு வழமைக்கு மாறாக முத்து முத்தாக வளர்வது) என்று கண்டறியப்பட்டவர், இரத்தப் பரிசோதனைகள் முடிந்து வைத்தியர் அனுமதிக்கும்வரை கருத்தரிக்கவே கூடாது. ஆர்எச் நெகட்டிவ் (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் போன்ற) குருதி உள்ளவருக்கு அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஊசி தேவையா என்று உடனேயே பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை கலைந்தவருக்குத் தைரொயிட், நீரிழிவு, குருதி உறைவு தொடர்பான சோதனைகளும் கருப்பை ஸ்கானும் வேண்டும். அவருக்கு நேர்த்தி வைக்கச் சொல்வதோடு குடும்பம் நின்றுவிடக் கூடாது. வற்றாப்பளை அம்மனிடம் நானும்தான் நேர்ந்திருக்கிறேன். அது கிளினிக்குக்குப் போவதைத் தடுக்கவில்லை. கணவன்மாரும் கூடவே போக வேண்டும். புகைத்தலும் குடியும் அவர்கள் பக்கத்து விடயங்கள், அவற்றை மனைவி தனியே போய்ச் சொல்லித் தீர்க்க முடியாது.

புதுமணத் தம்பதியருக்குப் போலிக் அமிலம் (folic acid) என்ற விட்டமின் கொடுப்பதற்கும், ருபெல்லாத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் ஏற்கெனவே ஒழுங்கு இருக்கிறது. அதே ஒழுங்கைக் கரு கலைந்த தம்பதியருக்கும் விரிப்பதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. துண்டு வெட்டும்போதே எப்போது முயலலாம், எந்த அறிகுறிக்கு உடனே திரும்பி வர வேண்டும், போலிக் அமிலத்தை எங்கே பெறலாம் என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும், இரண்டு கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தர் ஒருமுறை வீட்டுக்கு வரவும், அந்த வருகையில் மாமியையும் கணவனையும் பக்கத்தில் இருத்தி இவற்றைச் சொல்லவும் வட மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆவன செய்ய வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
துணுக்காய்.