மேயர் தேர்வு முறையை மக்களிடம் கேட்டு முடிவு செய்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநகராட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம், மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்களா, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்களா என்ற குழப்பமும் கூடவே எழுகிறது. 1996-இலும் 2001-இலும் சென்னை மக்கள் மேயருக்கு நேரடியாக வாக்களித்தோம். 2006-இல் அது கவுன்சிலர்கள் கைக்குப் போய், 2011-இல் எங்களிடம் திரும்பியது. 2016-இல் மறைமுகத் தேர்தல், 2018-இல் மறுபடி நேரடித் தேர்தல் என்று சட்டம் மாறி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகத் தேர்தலே வந்தது. 2022 மார்ச் 4 அன்று 21 மாநகராட்சிகளுக்கும் மேயர்கள் அப்படித்தான் தேர்வானார்கள்.

இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. மாமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத மேயர் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றவே திண்டாடக்கூடும்; கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மேயரோ வாக்காளரைவிடக் கட்சித் தலைமைக்கே கட்டுப்பட்டவராகிவிடுகிறார். நான் நேரடித் தேர்தலை விரும்புகிறவன். எனினும், இத்தனை மாற்றங்களில் ஒன்றின்போதாவது எங்களை ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை என்பதே என் பெரிய ஆதங்கம்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பத்தாண்டுக்கு ஒரு முறையேனும் 20 குடிமக்கள் கொண்ட குழு அமைத்து நகரின் அடிப்படைச் சட்டமான சாசனத்தை ஆராய வேண்டும் என்பது விதி. குழுவில் 15 பேர் ஏற்கும் திருத்தம், நகர மன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் நேராக மக்களின் வாக்கெடுப்புக்குச் செல்லும். அப்படி மக்களிடம் கருத்துக் கேட்டு உருவான திட்டத்தை 17 உறுப்பினர்கள் ஆதரித்தனர். 2022 நவம்பரில் மக்களும் ஏற்றனர். அத்திட்டம் கொண்டுவந்த, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறையில் 2024-இல் முதல் தேர்தலும் நடந்தது. ஆனால் நிர்வாக அமைப்பு, தொகுதிப் பிரிப்பு, வாக்களிப்பு முறை ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியில் அடைத்தது தவறு என்ற எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

போர்ட்லாந்து மக்கள் வாக்களித்த அதே நாளில் சியாட்டில் நகரம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டது: இப்போதைய வாக்களிப்பு முறையை மாற்றலாமா? மாற்றுவதானால் முன்வைக்கப்பட்ட இரண்டு முறைகளில் எது? முதல் கேள்விக்கு வேண்டாம் என்றவரும் இரண்டாவதற்குப் பதில் அளிக்கலாம். மாற்றம் மிகக் குறைந்த வித்தியாசத்தில்தான் வென்றது. எந்த முறை என்பதிலோ ஐயத்துக்கே இடமில்லாதபடி வரிசைமுறை வாக்களிப்பு வென்றது.

மேயர் உள்ளிட்ட நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுக்கும் பொறுப்பை அரசியலமைப்பின் 243-ஆர் பிரிவு மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டிருக்கிறது. ஆகவே, மக்கள் கருத்தைக் கேட்காமலும், தேர்தல் நெருங்கிய வேளையிலும் இந்த முறையை மாற்றுவதில்லை என்று அச்சட்டமன்றமே விதி செய்துகொள்ளலாம். பொதுவாக்கெடுப்புக்கு இங்கு ஏற்பாடு இல்லாவிட்டாலும், வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் இருக்கின்றன. சாக்கடை அடைப்பையும் எரியாத தெருவிளக்கையும் பேசும் அந்தக் கூட்டங்களில் இந்தக் கேள்வியையும் வைத்து, பதிவாகும் கருத்துகளை வார்டு வாரியாக வெளியிட்ட பிறகே சட்டத் திருத்தத்தை அவையில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
சென்னை