நாற்காலியும் ஊன்றுகோலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மருமகளின் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. நானும் நலம். கண்புரை அறுவைக்குப் பிறகு உன் கையெழுத்தைக்கூடத் தடையில்லாமல் வாசிக்க முடிகிறது.

முதியோர் தவறி விழுவதைப் பற்றிப் பேசப்போகிறாய், இவ்வளவு கனமான விஷயத்தில் நகைச்சுவை சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தொடக்கத்தில் எங்கோ படித்த துணுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு முகத்தை இறுக்கிக்கொள்ளாதே. சிரிப்பு விஷயத்துக்குள்ளிருந்தே கிளம்ப வேண்டும்.

இதே தலைப்பில் நான் பேசியபோது மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பல்பு மாற்றக் கிளம்பிய எழுபது வயதுக்காரரைப் போல அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, "யாரும் பிடிக்க வேண்டாம், எனக்குத் தெரியும்!" என்றேன். அரங்கமே சிரித்தது. மனைவிமார் பலர் கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, இடுப்பெலும்பு முறிந்தவர் படும் பாட்டைச் சொன்னேன். ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை நீ முதல் வரியிலேயே வைத்திருக்கிறாய். அதை அந்த மௌனத்துக்காக எடுத்து வை.

அடுத்து ஒரு தவறு செய்தேன். சிரிப்பு தந்த உற்சாகத்தில், தள்ளாடித் தள்ளாடி நாலடி நடந்து காட்டினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தம் ஊன்றுகோலை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். இன்றும் அது மனத்தை உறுத்துகிறது. நாற்காலியில் ஏறுவது பிடிவாதம், அதைப் பார்த்துச் சிரிக்கலாம். தள்ளாட்டம் அவராகக் கேட்டு வாங்கியதா?

சுவீடன் மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006இல் டெட் (TED) மாநாட்டில் ஆற்றிய உரையைப் பார். இரண்டு நாடுகளில் எதில் குழந்தை இறப்பு அதிகம் என்று கேட்கும் 5 கேள்விகளில் தம் மாணவர்கள் சராசரியாக 1.8க்குத்தான் சரியாக விடையளித்தார்கள், சிம்பன்சிகளிடம் கேட்டிருந்தால் பாதியாவது தேறியிருக்கும் என்கிறார். சக பேராசிரியர்களையும் விடவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்தவர்கள் மேல்தான் கேலி முழுவதும். இறந்த குழந்தைகள் பக்கம் அது திரும்பவே இல்லை.

உரையை எழுதி முடித்ததும் அனுப்பு. அந்தப் பெரியவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்