வாடகை வீட்டுத் தரகுக் கூலியை யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

மலையக நகரங்களில் வீட்டு வாடகை உயர்ந்து வருவது குறித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியை வாசித்தேன். அதில் முற்பணம் பற்றி விரிவாகச் சொல்லப்பட்டிருந்தபோதிலும், அதற்கும் மேலாகக் குடியிருக்க வருபவரின் தலையில் விழும் தரகுக் கூலி பற்றி ஒரு வரியும் இல்லை. ஹட்டன், நுவரெலியா, கண்டி போன்ற நகரங்களில் ஒரு மாடிக் குடியிருப்பையோ, வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியான அனெக்ஸையோ பிடித்துக் கொடுக்கும் தரகர் பெரும்பாலும் ஒரு மாத வாடகையைக் கூலியாகக் கேட்கிறார். வீட்டுக்கு ஆள் தேடித் தரும்படி அவரை அமர்த்துபவர் பல வேளைகளில் வீட்டு உரிமையாளரே; பணம் கொடுப்பவரோ இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியரும், தோட்டத்திலிருந்து நகருக்கு வேலை தேடி வந்த இளைஞரும்தாம். எனது உறவினர் ஒருவருக்கு வீடு தேடியபோது, தரகர் எங்களிடமும் உரிமையாளரிடமும் தனித்தனியே ஒரு மாத வாடகையைப் பெற்றுக்கொண்டார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, வாடகை ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பென்சிலால் தொகையை எழுதித் தந்தார்.

தரகர் உழைப்பதில்லை என்பது எனது வாதமன்று. வீடு காட்ட மேடும் பள்ளமும் ஏறி இறங்குபவர் அவரே. ஆனால் அமர்த்தியவரே கூலி கொடுக்க வேண்டும் என்பதுதானே முறை? ஜெர்மனி 2015 இல் இதையே சட்டமாக்கியது. இங்கிலாந்தில் 2019 முதல் இத்தகைய கட்டணங்களை வாடகைக்கு வருவோரிடம் அறவிடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. நமது 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் திருத்தப்படும் வரை காத்திராமல், உள்ளூராட்சி மன்றங்கள் தரகர்களைப் பதிவு செய்து, கூலித் தொகையையும் அதைக் கொடுப்பவர் யார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்ய முன்வரலாம்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.