மீட்டருடன் ஓர் ஆளை அனுப்புங்கள்

எங்கள் பகுதிக் கேபிள் நிறுவனத்தின் வட்டார மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினத்தில் கடலை ஒட்டிய எங்கள் தெருக்களில் மழை பிடித்தால் கேபிள் படுத்துவிடும் என்பது தங்களுக்குப் புதிய செய்தி அல்ல. எங்கள் புகார் எண்களும் அவற்றுக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்பும் தங்கள் கணினியிலேயே இருக்கும். அவற்றை மறுபடியும் அடுக்கப்போவதில்லை. இந்த மடலை எழுத வைத்தது சென்ற வாரம் நடந்த ஒன்று.

நாங்கள் வேலைக்குப் போயிருந்த பகல் நேரம். படம் கட்டம் கட்டமாக உடைந்து, குரல் விட்டு விட்டு ஒலித்து, கடைசியில் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்திருக்கிறது. என் தாயார் சேவை எண்ணை அழைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் தேய்ந்து, வீட்டுக்குள்ளேயே தடி ஊன்றி நடப்பவர். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகவே பேசினாராம். பெட்டியை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போடச் சொன்னார். சரியாகவில்லை. பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஒயரைக் கழற்றி மறுபடியும் திருகி மாட்டச் சொன்னார். எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸ் இருப்பது தொலைக்காட்சிக்கு மேலே, சுவர்ப் பலகையில். தங்கள் ஆள்தான் அங்கே வைத்துவிட்டுப் போனார். அம்மா மர ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசி, ஒரு கை சுவரில், ஒரு கை ஒயரில். தற்செயலாக உள்ளே வந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துப் பதறிப் பிடித்து இறக்கியிருக்கிறார். வராமல் இருந்திருந்தால் இந்த மடலை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அன்று மாலை அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, புகார் தீர்க்கப்பட்டதாக. திரையில் அப்போதும் படம் இல்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. தம்மிடம் கொடுத்த தாளில் உள்ளதை அவர் வாசிக்கிறார். தாளைத் தயாரித்தவர்களிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. அழைப்பவருக்கு என்ன வயது, உதவிக்கு வீட்டில் வேறு யாராவது உண்டா என்று கேட்க அதில் ஒரு வரி சேர்க்க முடியாதா? ஸ்டூலில் ஏறிக் கனெக்டர் திருகுவது எப்போதிலிருந்து சந்தாதாரரின் வேலை ஆனது?

பழுது எங்கள் வீட்டுக்குள் இல்லை. இதே செட்டாப் பாக்ஸை வேறு தெருவில் உள்ள உறவினர் வீட்டு இணைப்பில் மாட்டிப் பார்த்தோம்; குறையே இல்லாமல் ஓடுகிறது. எங்கள் கம்பத்திலிருந்து ஒயர் எடுத்திருக்கும் வீடுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சேனல்கள் உடைகின்றன. பல சேனல்களைச் சேர்த்து ஒரே அதிர்வெண்ணில் அனுப்புவதால், அங்கே சிக்னல் குறைந்தால் அத்தனையும் ஒன்றாக விழும். இது தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மழை என்றால் அப்படித்தான் என்கிறார்கள். வீட்டு மாடியில் சிறிய டிஷ் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதில் பொருந்தும். அவர்களுக்கு வரும் அலையைக் கனமழை விழுங்கிவிடுகிறது. மழை விட்டதும் படம் திரும்பிவிடும். எங்களுக்கு வருவது கம்பி வழியாக. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் எங்கள் படம் திரும்புவதில்லை. அப்படியானால் தண்ணீர் இருப்பது கம்பத்து இணைப்புக்குள் அல்லவா? உப்புக் காற்று வீசும் ஊரில், டேப் மட்டும் சுற்றிய ஒட்டில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்? 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்தபோது தங்கள் லைன்மேன்கள் ஊண் உறக்கமின்றி உழைத்ததை இந்தத் தெரு மறக்கவில்லை. ஆனால் அன்றைய அவசரத்துக்குப் போட்ட ஒட்டுகள் சில இன்றும் அப்படியே தொங்குகின்றன.

சிக்னலை வலுப்படுத்தும் கம்பத்து ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் ஒரு கடையிலிருந்து போகிறது. அந்தக் கடையில் மின்சாரம் போனால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டிலும் படம் போய்விடும். புயல் எச்சரிக்கை கேட்க வேண்டிய நேரமும் அதுதான்.

பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி விழும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். டிஜிட்டலில் கடைசி எல்லைவரை படம் பளிச்சென்று இருக்கும், எல்லையைத் தாண்டியதும் சிதறிவிடும். ஆகவே மீட்டர் வைத்து அளக்காமல் பழுதைத் தேடுவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது போன்றது. நான் கேட்பது இதுதான்: சிக்னல் மீட்டருடன் ஓர் ஆளை அனுப்புங்கள். கம்பத்தில் ஒரு முறையும் வீட்டுக்குள் ஒரு முறையும் அவர் அளக்கட்டும். குறை எங்கே என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கட்டணம் முடிந்தால் பெட்டி நள்ளிரவிலேயே அணைந்துவிடுகிறது. அதற்கு ஆள் வரவேண்டியதில்லை, ஸ்டூலும் தேவையில்லை. அதே வேகம் பழுதுக்கு ஏன் இல்லை? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிகள் புகாருக்கு எண் தரவேண்டும் என்பதோடு நிற்கவில்லை. குறையைத் தீர்க்கக் காலவரம்பும் வைத்திருக்கின்றன. தீர்க்காத குறையைத் தீர்த்ததாக எழுதிக்கொள்ள அவற்றில் இடமில்லை.

கேபிளோடு இது நிற்கவில்லை. வங்கி, எரிவாயு, மின்சாரம் எங்கே அழைத்தாலும் எண்ணை அழுத்து, நீயே சரிபார் என்கிறார்கள். அவர்கள் செய்யவேண்டிய வேலையை நம்மிடம் தள்ளிவிட்டு, நம்மிடமே பணமும் வாங்குகிறார்கள். இளைஞர்கள் கைபேசியில் பார்த்துக்கொள்வார்கள். இன்று கேபிளை நம்பி உட்கார்ந்திருப்பவர்களில் பலர் என் அம்மாவைப் போன்ற முதியவர்கள். எதையும் கழற்றி மாட்ட முடியாதவர்களைத்தான் கழற்றி மாட்டச் சொல்கிறீர்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்கள் பணியாளர்கள் மீது எங்களுக்குப் பகை இல்லை. வருகிறவர்கள் நல்லவர்கள், அவர்கள் கையில் கருவிதான் இல்லை. தயவுசெய்து வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் மீட்டருடன் ஓர் ஆளை அனுப்புங்கள். கம்பத்து ஒட்டுகளை எடுத்துவிட்டு, தண்ணீர் புகாத கனெக்டர் போடச் சொல்லுங்கள். அதுவரை, அழைப்பவர் முதியவர் என்றால் எதையும் கழற்றச் சொல்லாமல் ஆளை அனுப்பவேண்டும் என்று சேவை மையத்துக்கு ஓர் உத்தரவு போடுங்கள். வருகிறவர் ஏணி சுமந்து வரவேண்டாம், எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்களும் வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்களில் ஒருவர்,
நாகப்பட்டினம்