புகார்: பெட்டியில் 20,000, கைக்கு வந்தது 9,400

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

பொருள்: பவர் பேங்கின் கொள்ளளவு குறைவாக இருப்பதால் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நிறுவனத்தின் 20,000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பவர் பேங்க் ஒன்றை வாங்கினேன். பில்லின் நகலையும் வரிசை எண் தெரியும் படத்தையும் இணைத்திருக்கிறேன். உங்கள் கஸ்டமர் கேரில் மூன்று முறை பேசியும் ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அவசரப்பட்டு எதையும் வாங்குகிற ஆள் இல்லை. இதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு மிஞ்சின: வேறொரு நிறுவனத்தின் 10,000 எம்ஏஎச், உங்களுடைய 20,000. விலையை எம்ஏஎச்சால் வகுத்துப் பார்த்தேன். உங்களுடையதுதான் மலிவாக வந்தது. எடை இரண்டு மடங்கு. சரி, கொள்ளளவும் இரண்டு மடங்குதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த இன்னொரு பெட்டியில் 10,000 என்பதற்குக் கீழேயே, முன்பக்கத்திலேயே, 'பயன்படுத்தக் கிடைப்பது 6,500' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து, 'இது ஏதோ மட்டமான சரக்கு' என்று ஒதுக்கினேன். உண்மையைச் சொன்னவர்களை ஒதுக்கிவிட்டோமே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் போன் பேட்டரி 5,000 எம்ஏஎச். நான்கு தடவை ஏறாவிட்டாலும் மூன்று தடவையாவது ஏறும் என்று நினைத்தேன். இரண்டு தடவை ஏற்றியதோடு உங்கள் பவர் பேங்க் படுத்துவிட்டது. அப்புறம்தான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் சாம்பல் நிற எழுத்து! போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தால், 5 வோல்ட்டில் கிடைக்கும் கொள்ளளவு 12,000 எம்ஏஎச் என்று இருக்கிறது.

இதுவரைக்கும் கூட எனக்குச் சண்டை இல்லை. உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 20,000 எம்ஏஎச் என்பது அந்தக் கணக்கில் 74 வாட்-அவர் ஆற்றல். அதை யூஎஸ்பி வழியாக வெளியே வரும் 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 14,800 எம்ஏஎச்தான் வரும். மாற்றும் சர்க்கியூட் சூடாவதில் இன்னும் கொஞ்சம் போகும். ஆக 12,000 என்பது நியாயமான எண்தான். பெட்டியில் பெரிதாகப் போட வேண்டிய அந்த எண்ணை ஒளித்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 12,000மும் கிடைக்கவில்லை என்பதுதான் என் புகார். நண்பரிடம் யூஎஸ்பி மீட்டர் ஒன்றை வாங்கி, பவர் பேங்குக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகி, முழுச் சார்ஜிலிருந்து அணைகிற வரை அளந்தேன். முதல் தடவை 9,310. நம்பாமல் கேபிளை மாற்றினேன்: 9,400. மூன்றாவது தடவை வேறொரு போனை வைத்து: 9,380. மூன்றும் 5 வோல்ட்டில் அளந்தவை. இருப்பதில் உங்களுக்குச் சாதகமான 9,400ஐயே எடுத்துக்கொண்டாலும், நீங்களே எழுதியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணோம். மீட்டரின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் கஸ்டமர் கேரில் முதலில், போனில் ஏதாவது ஆப் ஓடிக்கொண்டிருக்கும் என்றார்கள். மீட்டர் அளப்பது பவர் பேங்கிலிருந்து வெளியே போவதை. போனில் எது ஓடினால் என்ன? அடுத்த முறை, மின்னழுத்தம் மாறும்போது 30 சதவீதம் வரை இழப்பு சகஜம் என்றார்கள். அந்த இழப்பைக் கழித்த பிறகுதானே 12,000 என்று போட்டிருக்கிறீர்கள்? ஒரே இழப்பை எத்தனை தடவை கழிப்பீர்கள்? இதைக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பெட்டியில் இயர்பட்ஸ் படம் போட்டிருக்கிறீர்கள். என் இயர்பட்ஸ் கேஸைச் செருகினால் அரை நிமிடத்தில் பவர் பேங்க் அணைந்துவிடுகிறது. அந்தக் கேஸ் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் செருகப்படவில்லை என்று உங்கள் சர்க்கியூட் முடிவு செய்துவிடுகிறது. சில பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இதற்கென்று ஒரு குறைந்த மின்னோட்ட முறை வரும். உங்களுடையதில் அது இல்லை. அணையும்போதெல்லாம் பட்டனை மறுபடி அழுத்தச் சொன்னார் மூன்றாவது தடவை பேசியவர். ஒரு மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

மாற்றுப் பொருள் அனுப்புவதாக ஒருவர் சொன்னார். அதே மாடல் எனக்கு வேண்டாம். முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, இதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். என் யூனிட் மட்டும்தான் பழுது என்பது உங்கள் வாதமானால், சோதித்த அறிக்கையை எழுத்தில் தாருங்கள். 12,000 வருகிறதா என்று நானும் பார்க்கிறேன்.

பெட்டியின் முன்பக்கத்தில் 5 வோல்ட் கணக்கையும் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். விலையை எதனால் வகுப்பது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். நான் வகுத்தது 20,000ஆல். 9,400ஆல் வகுத்தால் அந்தச் சின்ன பவர் பேங்க்தான் மலிவு.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் இதே இணைப்புகளோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பவர் பேங்கைப் பாதிச் சார்ஜில், கேபிளோடு பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் ஆளை அனுப்பலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வரிசை எண் படம், மீட்டர் படங்கள் மூன்று