அந்தப் பட்டன் எங்கே?

இணையதளம் வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நான்கு சிஸ்டம், அதில் மூன்று விண்டோஸ் 7. சிரிக்காதீர்கள், ஜெராக்ஸ் காசில் ஓடும் கடை இது.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா மீன் விற்ற கையோடு வந்தார், மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு. எந்தத் தளம் என்பது வேண்டாம். எல்லாம் நிரப்பியாயிற்று. 'சமர்ப்பி' பட்டனைக் காணோம். மேலே போனேன், கீழே வந்தேன், பக்கத்தை மறுபடி திறந்து முதலிலிருந்து நிரப்பினேன். அக்கா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைசியில் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனேன். வெறும் வெள்ளையில் ஒரு கட்டம் விழுந்தது. என்டர் தட்டினேன், விண்ணப்பம் போய்விட்டது.

அவர் போனபின், பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சொல்லும் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து பார்த்தேன். பட்டனின் எழுத்து வெள்ளை, பின்னணிக்கு ஓகேஎல்சிஎச் (oklch) என்ற புது முறையில் எழுதிய நிறம். அந்த முறை குரோம் பிரவுசரின் 111-ஆம் பதிப்பில் வந்தது. விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-ஓடு சரி. புரியாத வரியை பிரவுசர் தாண்டிவிட்டது; வெள்ளைமேல் வெள்ளை.

புதிய தரங்களை விடச் சொல்லவில்லை. 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும்' என்ற காலத்தில் மாரடித்தவன் நான். 2022 ஜூன் 15-இல் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தபோது எனக்கு வருத்தமே இல்லை. நான் கேட்பது ஒரு வரி. புது நிறத்துக்கு மேலே பழைய முறையில் அதே நிறத்தை எழுதுங்கள். பழைய பிரவுசர் முதல் வரியை எடுக்கும், புதிய பிரவுசர் இரண்டாவதை. புரியாததைத் தாண்டிப் போ என்பது ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இன் தரத்திலேயே இருக்கும் விதிதானே.

பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இந்தச் சலுகை கிடையாது. 2020-இல் குரோம் 80-இல் வந்த '?.' என்ற குறி ஒரே இடத்தில் இருந்தாலும், அதற்கு முந்தைய பிரவுசரில் மொத்த ஃபைலும் படுத்துவிடும். அதனால் படிவம், பக்கத்தின் அடிப்படை மொழியான வெறும் எச்டிஎம்எல்லிலேயே போய்ச் சேரட்டும், அலங்காரம் அப்புறம்.

'பிரவுசரைப் புதுப்பிக்கவும்' என்று கதவைச் சாத்துவதும் வேண்டாம். இந்த மூன்று சிஸ்டத்தில் புதுப்பிக்க என்ன இருக்கிறது? பாதுகாப்புக் குறைவு என்பது எனக்கும் தெரியும். பணம் கட்டுவதெல்லாம் நான்காவது சிஸ்டத்தில்தான்.

சோதிக்கப் பழைய சிஸ்டம் இல்லையென்றால் கடைக்கு வாருங்கள். மதியம் கூட்டம் இருக்காது, காசும் வேண்டாம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர்காரன்